நாலு டெஸ்ட் விக்கெட் எடுத்தவருக்கு எதுக்குங்க பௌலிங் கோச் வேலை?

2017 ஜூலைல கிரிக்கெட் பாக்கற நம்மாளுக பேக்கரில டீ கிளாஸ கையில வெச்சுட்டு பேசுன பேச்சு பூரா இதுதான். கும்ப்ளே இந்தியா டீம் கோச் வேலைய விட்டுப்போட்டு போய்ட்டாரு, ரவி சாஸ்திரி உள்ள வந்துட்டாரு, சச்சின், கங்குலி, லக்ஷ்மண் மூணு பேரும் இருந்த கமிட்டி பௌலிங்குக்கு ஜாகீர் கான்னு சொல்லிருச்சு, எல்லாரும் சரின்னு தலையாட்டிட்டோம், ஒரு வாரம்தான் ஆச்சு, சாஸ்திரி ஒத்தக்கால்ல நின்னு பரத் அருண கொண்டாந்துட்டாரு. ஜாகீர் டெஸ்ட்ல எடுத்தது 311 விக்கெட். அருண் எடுத்தது 4. ஆமா, வெறும் நாலு. ஆடுனதே ரெண்டு டெஸ்ட், நாலு ஒன்டே. "கூட்டாளிக்கு வேல போட்டுக் குடுத்துட்டாருங்க"ன்னு திருப்பூர்லருந்து சேலம் வரைக்கும் ஒரே மாதிரி சொன்னாங்க. சாஸ்திரியும் அருணும் அண்டர் 19 காலத்துலருந்தே சினேகிதம், அதனால அந்தப் பேச்சு எடுபடவும் செஞ்சுது.

இப்ப திரும்பிப் பாத்தா அந்த 311க்கும் 4க்கும் கோச் வேலையோட பெருசா சம்பந்தமே இல்லைன்னு தெரியுது. ஏன் இல்ல, அந்த மனுசன் அப்படி என்னதான் பண்ணாருன்னு கொஞ்சம் வெவரமா பேசலாம்னுதான் இத எழுதறேன். நம்ம சின்னப்பம்பட்டி பௌலர் நடராஜன் கதையும் இதுக்குள்ள வருதுங்க, அதனால நமக்கு கொஞ்சம் கூடுதல் அக்கறை.

மொதல்ல ஆட்டக்காரர் அருண். பொறந்தது 1962ல விஜயவாடால, ஆடுனதெல்லாம் தமிழ்நாட்டுக்கு. மீடியம் பேஸ் போடுவாரு, கீழ எறங்கி பேட்டிங்கும் பண்ணுவாரு. டெஸ்ட்டுக்கு எடுத்தது 1986 டிசம்பர்ல, கான்பூர்ல, இலங்கைக்கு எதிரா. அங்க நடந்தத நெனச்சா இன்னிக்கும் பாவமா இருக்கும், டெஸ்ட் கிரிக்கெட்ல மொதல் பந்து போட ஓடி வர்றாரு, அப்படியே தடுக்கி விழுந்துட்டாரு. அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி. எந்திரிச்சு தட்டி விட்டுட்டு வந்து அதே இன்னிங்ஸ்ல 3 விக்கெட் எடுத்தாரு, அது வேற விசயம். அப்புறம் இன்னொரு டெஸ்ட்ல இன்னொரு விக்கெட், அதோட சர்வதேச டெஸ்ட் கணக்கு முடிஞ்சுது. அந்தக் காலத்துல கபில் தேவுக்கு அந்தப் பக்கம் யாரு போடறதுங்கறதுக்கு பல பேர மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தாங்க, அதுல இவரும் ஒருத்தர், அவ்வளவுதான். 1987-88ல தமிழ்நாடு ரெண்டாவது தடவையா ரஞ்சிக் கோப்பை ஜெயிச்சப்போ அந்த டீம்ல இருந்தாரு. 1954-55க்கு அப்புறம் அப்பத்தான் நம்ம கைக்கு கோப்பை வந்துது, அந்தத் தலைமுறை ஆளுக இன்னும் அதப் பத்திப் பேசுவாங்க.

சரி, அதுக்கப்புறம் என்ன பண்ணாரு? இங்கதான் நம்ம ஆளுக கணக்குல கோட்டை விட்டது. 2017ல திடீர்னு வானத்துலருந்து குதிச்ச கோச் இல்ல அவரு. பெங்கால் ரஞ்சி டீமுக்கு கோச்சா இருந்தாரு, பெங்களூர்ல இருந்த நேஷனல் கிரிக்கெட் அகாடமில (என்சிஏ) வருசக்கணக்கா பௌலிங் பாத்தாரு, 2012ல உன்முக்த் சந்த் தலைமைல ஆஸ்திரேலியா போயி டவுன்ஸ்வில்ல ஆஸ்திரேலியாவையே தோக்கடிச்சு அண்டர் 19 உலகக்கோப்பை வாங்குனாங்களே, அந்தப் பசங்களுக்கு கோச் இவர்தான். நம்ம பாபா அபராஜித் அந்த டீம்ல இருந்தாரு. பைனல்ல 4 விக்கெட் எடுத்த சந்தீப் சர்மாவும் இருந்தாரு. சந்தீப் வேகமே கெடையாது, ஸ்பீடு மீட்டர்ல பாத்தா நம்ம ஊரு பசங்களே அதவிட வேகமா போடுவாங்கன்னு தோணும். ஆனா பந்து ரெண்டு பக்கமும் வளையும். வேகம் கூட்டறேன்னு அந்தப் பையனோட வளைவ கெடுக்காம விட்டாங்க பாருங்க, பத்து வருசத்துக்கு மேல ஆகியும் ஐபிஎல்ல போட்டுட்டு இருக்காரு.

2014ல இங்கிலாந்துல 3-1னு ஒதை வாங்குனதுக்கு அப்புறம் சாஸ்திரிய டைரக்டரா போட்டாங்க, அப்பத்தான் அருண், சஞ்சய் பாங்கர், ஸ்ரீதர் மூணு பேரும் டீமுக்குள்ள வந்தாங்க. அடுத்த வருசம் 2015 உலகக்கோப்பை. அதுல இந்தியா ஆடுனது எட்டு மேட்ச், மொத ஏழு மேட்ச்லயும் எதிர் டீமு ஆல் அவுட்டு. செமி பைனல்ல ஆஸ்திரேலியா மட்டும்தான் 7 விக்கெட் மட்டும் எழந்து நின்னுது. கூட்டிப் பாருங்க, எடுக்க முடியற 80 விக்கெட்ல 77. சாஸ்திரி 2017ல அருணுக்காக வாதாடுனப்போ இந்த 77அத்தான் எடுத்து வெச்சாரு. நம்மதான் 4அயே புடிச்சுட்டு தொங்குனோம்.

இப்ப மெயின் விசயத்துக்கு வர்றேன். பௌலிங் கோச்சுன்னா என்ன சோலி? பந்து எப்படி போடறதுன்னு சொல்லித் தர்றதுன்னு நெனப்போம். இந்தியா லெவல்ல வந்தவனுக்கு அதெல்லாம் தெரியும். அங்க கோச்சுக்கு முக்கியமான வேல, எத மாத்தணும் எத தொடவே கூடாதுன்னு முடிவு பண்றது. அதுலயும் தொடாம விடறதுக்குத்தான் நெம்ப தைரியம் வேணும், ஏன்னா ஒண்ணும் பண்ணலைன்னு பேரு வரும்.

பும்ராவ எடுத்துக்கோங்க. அவரு பந்து போடற அந்த ஆக்சன மொத தடவ பாத்தவங்க யாருமே இவன் ரொம்ப நாள் தாங்குவான்னு சொல்லிருக்க மாட்டாங்க. நாலு எட்டு நடக்கறாரு, நாலு எட்டு குதிக்கறாரு, ரெண்டு கையும் வெறப்பா நீட்டிக்குது, அப்புறம் எங்கிருந்தோ பந்து வருது. அண்டர் 19 காலத்துல என்சிஏக்கு வந்தப்போ அருண் அங்க இருந்தாரு. புத்தகத்துல இருக்கற மாதிரி ஆக்சன மாத்திவிட்டா காயம் கொறையலாம், ஆனா பும்ரா பும்ராவா இருக்க மாட்டாரு. அதனால ஆக்சன தொடாம, அந்த ஆக்சன் குடுக்கற சொமைய தாங்கற அளவுக்கு ஒடம்ப பலப்படுத்தறதுன்னு முடிவு பண்ணோம்னு அருணே பின்னாடி பேட்டிகள்ல சொல்லிருக்காரு. நல்லா தண்ணி எறைக்கற மோட்டார சத்தம் ஒரு மாதிரி வருதுன்னு எவனாச்சும் கழட்டிப் போடுவானா, அந்த மாதிரி.

இதுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். பும்ராவுக்கு 2019ல முதுகெலும்புல விரிசல் (ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்) வந்துது, 2023ல நியூசிலாந்து போயி ஆபரேஷனே பண்ணிட்டு வந்தாரு. அப்பவே மாத்தியிருந்தா இது வந்துருக்காதுன்னு சொல்றவங்க இருக்காங்க. என்னக் கேட்டா, மாத்தியிருந்தா ஆபரேஷன் பண்ற அளவுக்கு யாரும் அவர தேடியிருக்கவே மாட்டாங்க.

நம்ம பக்கத்துல இது நேர் தலைகீழா நடக்குதுங்க. பெருந்துறை பக்கம் ஒரு ஞாயித்துக்கெழமை கோச்சிங் கேம்ப் ஒண்ணு பாத்தேன். மேட் விரிச்சு நெட்டு கட்டிருக்காங்க, பன்னெண்டு பதிமூணு வயசுல ஒரு பையன், கை கொஞ்சம் சைடுல வருது, ஆனா பந்து விர்ருன்னு போகுது, பேட் புடிச்சவன் ரெண்டு தடவ கால தூக்கிட்டு குதிச்சான். கோச் வந்து அவன் கைய புடிச்சு காதோட ஒட்டி வெச்சாரு. "தம்பி, இங்க கொண்டாடா கைய, சைடுல போகக் கூடாது." "சரிங் சார்." அடுத்த பந்து பேட்டுக்கே போய்ச் சேரல. அதுக்கடுத்தது நெட்டுக்கு வெளிய. பையனோட அப்பா வேலிக்கு இந்தண்ட நின்னுட்டு மெதுவா கேட்டாரு, "ஏனுங் சார், மொதல்ல நல்லாத்தானுங்களே போட்டுட்டு இருந்தான்?" அதுக்கு "பேசிக் கரெக்டா இருக்கணுங்க"ன்னு பதில். பேசிக்குன்னா என்னன்னு அங்க யாரும் கேட்டுக்கல.

ஆனா மாத்தியே ஆக வேண்டிய எடமும் இருக்கு. நடராஜன் கதை அதுதான். 2015 ஜனவரில தமிழ்நாட்டுக்கு மொத ரஞ்சி மேட்ச் ஆடுனாரு, ஆக்சன் சந்தேகமா இருக்குன்னு ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. பந்து போடறப்போ முழங்கை 15 டிகிரிக்கு மேல மடங்கி நீண்டா அது எறி, பௌலிங் இல்ல. இது சட்டம், இங்க தொடாம விட்டா ஆட்டமே இல்ல. சென்னைல சுனில் சுப்பிரமணியம் மாதிரி ஆளுக கூட ஒக்காந்து அந்தக் கைய சரி பண்ணி, 2016ல மொத தமிழ்நாடு பிரீமியர் லீக்ல (டிஎன்பிஎல்) திண்டுக்கல் டிராகன்ஸுக்கு வந்து, மேட்ச் டையானா போடற சூப்பர் ஓவர்ல ஆறு பந்தும் பேட்ஸ்மேன் கால்கிட்ட குத்தற யார்க்கரா எறக்குனாரு. எல்லாரும் அந்த ஆறு பந்தத்தான் பேசறாங்க. கைய மாத்துனதுக்கு அப்புறமும் அந்த யார்க்கர் போகாம இருந்துதே, அதுதான் எனக்கு பெரிய விசயமா தெரியுது. அந்த யார்க்கர் டென்னிஸ் பால்ல வந்தது. சோளக்காடு அறுத்து முடிச்ச காஞ்ச பூமியில கோடு போட்டு ஆடறப்போ டென்னிஸ் பால் லென்த்ல குத்துனா நல்லா எழும்பி அழகா பேட்டுக்கு வரும், அடிச்சா பக்கத்துத் தோட்டத்துல போயி தேடணும். அடி வாங்காம இருக்கணும்னா கால்ல போடணும், வேற வழி கெடையாது. பசங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காமயே யார்க்கர் வர்றது இப்படித்தான். அத கெடுக்காம முழங்கைய மட்டும் சரி பண்ணது பெரிய கோச்சிங்.

2017 பிப்ரவரி ஐபிஎல் ஏலம் ஞாபகம் இருக்கா? 10 லட்சம் அடிப்படை வெலை போட்ட நடராஜன பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்துச்சு. அதே ஏலத்துல 20 லட்சம் போட்டிருந்த இன்னொரு பையன சன்ரைசர்ஸ் 2.6 கோடிக்கு எடுத்தாங்க, ஹைதராபாத் ஆட்டோக்காரர் பையன், முகமது சிராஜ். அந்த சீசன் ரஞ்சில சிராஜ் 41 விக்கெட் எடுத்திருந்தாரு, அப்ப ஹைதராபாத் டீமுக்கு கோச் யாருன்னு நெனைக்கறீங்க, பரத் அருண்தான். இந்தியா டீம விட்டு வெளிய இருந்த அந்த ஒன்னேகால் வருசத்துல மனுசன் சும்மா ஒக்காரல.

2017ல திரும்ப வந்ததுக்கு அப்புறம் நடந்தத நம்பரா சொன்னாலே போதும். 2018 ஜனவரில தென்னாப்பிரிக்கா, மூணு டெஸ்ட், மூணுலயும் 20 விக்கெட், மொத்தம் 60க்கு 60. சீரீஸ் 2-1னு தோத்தோம், அது பேட்டிங் பண்ண கூத்து. பும்ரா அந்த டூர்லதான் டெஸ்ட்ல எறங்குனாரு. அந்த ஒரே வருசத்துல பும்ரா 48, ஷமி 47, இஷாந்த் 41, மூணு பேரும் சேந்து 136 விக்கெட். 1984ல மார்ஷல், ஹோல்டிங், கார்னர் மூணு பேரும் சேந்து எடுத்தது 130. வெஸ்ட் இண்டீஸ் பேஸ் பௌலர்களோட ரெக்கார்ட நம்ம ஆளுக ஒடைப்பாங்கன்னு 1986 கான்பூர்ல விழுந்து எந்திரிச்ச அன்னிக்கு அருண்கிட்ட சொல்லியிருந்தா அவரே சிரிச்சிருப்பாரு. அந்த வருசக் கடைசில மெல்போர்ன்ல பும்ரா 6/33 (33 ரன்னுக்கு 6 விக்கெட்), ஆஸ்திரேலியாவுல மொத தடவையா டெஸ்ட் சீரீஸ் ஜெயிச்சோம்.

எல்லாத்தையும் அருண் தலையில தூக்கி வெக்கறதும் தப்புதான். இஷாந்த் ஃபுல்லரா, அதாவது பேட்ஸ்மேனுக்கு இன்னும் கிட்ட குத்தற மாதிரி போட்டா வேகம் கொறையுதேன்னு தவிச்சுட்டு இருந்தப்போ அதுக்கு வழி சொன்னது இங்கிலாந்து கவுண்டி டீம் சசெக்ஸ்ல இருந்த ஆஸ்திரேலியாவோட பழைய பௌலர் ஜேசன் கில்லெஸ்பின்னு இஷாந்தே சொல்லிருக்காரு. ஒடம்ப ஏத்துனதுல பாசு சங்கர் பங்கு பெருசு, சென்னைக்காரர், டீமோட பிட்னஸ் ஆளு. 2018 ஜூன்ல ஷமி யோ-யோங்கற பிட்னஸ் ஓட்ட டெஸ்ட்ல பெயிலாகி, வீட்டுப் பிரச்சினையும் சேந்து, கிரிக்கெட்டே வேண்டாம்னு சொல்ற நெலமைல இருந்தப்போ அருண் அவர சாஸ்திரிகிட்ட கூட்டிட்டு போயி, அங்கிருந்து என்சிஏக்கு அனுப்பி ஒடம்பத் தேத்திட்டு வரச் சொன்னாங்க. இது அருணே சொன்ன கதை. இதுல பௌலிங் டெக்னிக்கு எங்க வருது? எங்கயும் இல்ல. ஆனா அந்த 47ல இதுக்கும் பங்கு இருக்கு. யாரு எங்க போனா சரியாகும்னு தெரிஞ்சு அனுப்பறதும் கோச்சு வேலதான், எல்லாம் என்னாலதான்னு புடிச்சு வெச்சுக்காம.

அப்புறம் 2020-21 ஆஸ்திரேலியா. இது நமக்கு தனி.

அடிலெய்டுல 36 ரன்லயே சுருண்டோம், கோலி ஊருக்குத் திரும்பிட்டாரு, ஷமிக்கு கை ஒடஞ்சுது, அடுத்தது உமேஷ், ஒவ்வொருத்தரா கழண்டுட்டே இருந்தாங்க. ஆனா ஒரு பிளான் மட்டும் கழண்டுக்கல. அது டூருக்கு நெம்ப முன்னாடியே, ஜூலை மாசமே சாஸ்திரி போன் பண்ணி, ஆஃப் சைடுல (பேட் இருக்கற பக்கம்) ரன்னே குடுக்கக் கூடாது, ஒரு வழி யோசின்னு சொன்னதாவும், நியூசிலாந்துக்காரங்க ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் ஸ்மித்துக்கு ஒடம்புக்கே போட்டத பாத்து அதுலருந்து எடுத்ததாவும் அருண் பின்னாடி வெவரமா சொன்னாரு. ஸ்மித்தும் லபுஷேனும் ரன் எடுக்கறதுல பெரும்பங்கு ஆஃப் சைடுல கட் பண்றது, டிரைவ் பண்றது. அதனால லைன ஸ்டம்புக்கு மாத்து, லெக் சைடுல (கால் பக்கம்) ஆள நெருக்கி நிறுத்து, அங்க அடிச்சுத்தான் ரன் எடுத்தாகணும்னு ஆக்கு. கேக்க சுளுவா இருக்கும். ஆனா லெக் சைடுல கொஞ்சம் நழுவுனா பவுண்டரி, பௌலருக்கு கையில கட்டுப்பாடு இருந்தாத்தான் இது நடக்கும். மெல்போர்ன்ல பாத்தீங்கன்னா மொத இன்னிங்ஸ்ல ஸ்மித் 0, அஸ்வின் பந்த லெக் சைடுல நின்ன புஜாரா கைக்கே தட்டி விட்டாரு. ரெண்டாவது இன்னிங்ஸ்ல 8, பும்ரா பந்து காலுக்குப் பின்னாடி போயி ஸ்டம்ப தட்டுச்சு. லபுஷேனும் லெக் சைடுலதான் கில் கையில கேட்ச், அதுதான் சிராஜோட மொத டெஸ்ட் விக்கெட். அப்பா செத்த சேதி வந்தும் ஊருக்கு வராம அங்கயே இருந்த பையனுக்கு. சிட்னில ஸ்மித் 131 அடிச்சு பதில் சொன்னாரு, பிளான்னா எல்லா நாளும் பலிக்காதுங்களே.

பிரிஸ்பேன் கப்பா கிரவுண்டுல கடைசி டெஸ்ட், 2021 ஜனவரி 15. ஆஸ்திரேலியா அங்க 1988க்கு அப்புறம் தோத்ததே இல்ல. நம்ம பௌலிங் சிராஜ், சைனி, ஷர்துல், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். அஞ்சு பேரும் அதுக்கு முன்னாடி டெஸ்ட்ல எடுத்த விக்கெட்ட கூட்டுனா 11 வரும். எதிர்ப்பக்கம் நாலு பேருக்கு ஆயிரத்துக்கு மேல. நெட்ல பந்து போடத்தான் நடராஜன கூட்டிட்டு போனாங்க, அப்படிப் போன ஆளு ஒன்டே, டி20, டெஸ்ட் மூணுலயும் ஒரே டூர்ல மொத தடவையா எறங்கிட்டாரு, இந்தியாவுல வேற யாரும் அதுக்கு முன்னாடி அப்படி எறங்குனதில்ல. மொத இன்னிங்ஸ்ல 3/78. அதுல ஒரு வேடிக்கை, யார்க்கர் மன்னன்னு பேரெடுத்த மனுசன் மேத்யூ வேடையும் 108ல நின்ன லபுஷேனையும் தூக்குனது ரெண்டுமே ஷார்ட் பால்ல, ரெண்டு பேரும் புல் பண்ணப் போயி சிக்குனாங்க. டி20ல பேரு வாங்கிக் குடுத்தத டெஸ்ட்லயும் புடிச்சுட்டு தொங்காம, பிட்ச் எத கேக்குதோ அத போட்டாரு. ரெண்டாவது இன்னிங்ஸ்ல சிராஜ் 5/73, ஷர்துல் 4. இருபது விக்கெட்டும் வந்துது. 328 ரன்ன பண்ட் 89 நாட் அவுட்டா நின்னு முடிச்சது எல்லாருக்கும் தெரியும், அத நான் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல.

நடராஜன் ஊருக்கு வந்தப்போ சின்னப்பம்பட்டில சாரட் வண்டில ஏத்தி மேளதாளத்தோட கூட்டிட்டு போனாங்க, மாசக் கடைசில பழனிக்கு போயி மொட்டை போட்டுட்டு வந்தாரு. நம்ம ஊரு மொறைப்படி கணக்கு தீந்துது. அருண் பேர அன்னிக்கு நம்ம பக்கம் எந்த ப்ளெக்ஸ்லயும் நான் பாக்கல, கோச்சுக்கு யாருங்க ப்ளெக்ஸ் வெக்கறா.

அவரு எல்லாத்துலயும் ஜெயிச்சுட்டாருன்னும் இல்ல. 2019 உலகக்கோப்பை செமி பைனல்ல நியூசிலாந்து, 2021ல டெஸ்ட் சாம்பியன்ஷிப் பைனல்ல மறுபடி நியூசிலாந்து. அதே வருசம் டி20 உலகக்கோப்பைல சூப்பர் 12 குரூப்லயே வெளிய, ஐபிஎல்லுக்கும் உலகக்கோப்பைக்கும் நடுவுல கொஞ்சம் ஓய்வு இருந்திருக்கணும், டாஸ் போச்சுன்னு அருண் சொன்ன காரணங்கள்ல உண்மை இருந்தாலும் பாகிஸ்தான் பௌலர் ஷாகின் அப்ரிடி போட்ட அதே டூர்னமென்ட்லதான் நம்ம பௌலர்களும் போட்டாங்க. வெள்ளைப் பந்துல அருண் டெஸ்ட் அளவுக்கு சாதிக்கலைங்கறது என்னோட அபிப்பிராயம். அந்த நவம்பரோட இந்தியா டீம்ல அவரோட காலம் முடிஞ்சுது.

இந்த அபிப்பிராயத்துக்கு கொல்கத்தால கொஞ்சம் பதில் குடுத்தாரு. 2022லருந்து ஐபிஎல்ல கொல்கத்தா நைட் ரைடர்ஸ் (கேகேஆர்) பௌலிங் கோச். 2024ல கோப்பை. வருண் சக்ரவர்த்தி 21 விக்கெட், ஹர்ஷித் ராணா 19, அப்புறம் 24.75 கோடி குடுத்து எடுத்த ஸ்டார்க். மே 26 பைனல் சேப்பாக்கத்துல, சன்ரைசர்ஸ் 113க்கு சுருண்டாங்க. அன்னிக்கு தோத்த பக்கம் நம்ம நடராஜன், அந்த சீசன்ல அவரும் 19 விக்கெட். வருத்தமாத்தான் இருந்துது, அவ்வளவு விக்கெட் எடுத்தும் பைனல்ல காப்பாத்த ரன்னே இல்ல.

2025 ஜூலைல லக்னோ ஐபிஎல் டீம் அவர கூட்டிட்டு போயிருச்சு. அங்க போன வேலைய பாத்தா இவருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. 2025 சீசன் ஆரம்பிக்கறப்போ மயங்க் யாதவ், மொசின் கான், ஆவேஷ் கான்னு பேஸ் பௌலர்க வரிசையா காயத்துல ஒக்காந்திருந்தாங்க. மயங்க் 150 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போடறாரு, நாலு மேட்ச் ஆடுனா அஞ்சாவது மேட்ச்சுக்கு ஆளக் காணோம். அந்தப் பையனோட ஆக்சன தொடுவாரா, இல்ல பும்ராவுக்கு பண்ண மாதிரி ஒடம்ப மட்டும் பாப்பாரா? வேகத்துல ஒரு அஞ்சு கிலோமீட்டர கொறைச்சுக்கோன்னு சொல்றது சுளுவு, நெறைய கோச்சுக அதத்தான் சொல்வாங்க. அருண் சொல்ல மாட்டாருன்னு நெனைக்கறேன். கூடவே பழைய ஆளு ஷமியும் அங்க வந்து சேந்துட்டாரு, அவரு ஒடம்ப பத்தி அருணுக்கு தெரியாததா என்ன.